நிலா போட்ட அட்டை

தாய்மார்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் அந்தச் சின்ன அறையில், பீரோவின் மேல்தட்டில் ஒரு பொம்மை உட்கார்ந்திருக்கும். மஞ்சள் முடி, ரோஸ் நிறக் கவுன். படுக்கவைத்தால் அதன் வலது கண் மூடும், இடது கண் மூடாது. பழுதாகிவிட்டது என்று நினைத்து யாரும் அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அது தானாகக் கெட்டுப்போன பொம்மை இல்லை. அதன் இமையைப் பசை வைத்து மேலே ஒட்டியவள் நான்தான். ஏன் ஒட்டினேன் என்று சொல்லத்தான் இன்று கே.கே. நகரிலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கிறேன்.

ஓய்வு பெற்ற சிஸ்டர் வந்து பேசுகிறாள் என்றால் தன் பெருமையைத்தான் பேசுவாள் என்று நினைத்திருப்பீர்கள். பெருமை பேசவும் என்னிடம் சரக்கு இருக்கிறது. அதை கேன்டீனில் டீ குடிக்கும்போது கேளுங்கள், ஒரு மணி நேரம் அலுக்காமல் சொல்வேன். இங்கே சொல்லப்போவது வேறு. இதை நான் வேலையில் இருந்தவரை, சம்பந்தப்பட்டவர்களைத் தவிர, இரண்டு மூன்று பேரிடம்தான் சொல்லியிருக்கிறேன்.

நீங்கள் இந்தக் கண் பிரிவுக்குப் புதிதாக வந்த சிஸ்டர்கள் என்பதால் முதலில் விஷயத்தை நாலு வரியில் சொல்லிவிடுகிறேன். சில குழந்தைகளுக்குப் பிறக்கும்போதே மேல் இமை தொங்கிப்போயிருக்கும். அதைத் தூக்குகிற தசைக்கு வலு இருக்காது. கண்ணை மறைப்பதால் குழந்தை முகவாயைத் தூக்கிக்கொண்டு, எந்நேரமும் கோபுரத்தைப் பார்ப்பது போலவே நடக்கும். டாக்டர் அந்த இமையை நெற்றித் தசையோடு சேர்த்துக் கட்டி மேலே தூக்கிவிடுவார். கண் திறந்துவிடும். ஆனால் அப்படித் திறந்த கண் தூங்கும்போது முழுசாக மூடாது. பல மாதங்களுக்கு ஒரு கீற்று திறந்தே கிடக்கும். அந்தக் கீற்று வழியாகக் கருவிழி காய்ந்தால் புண் வரும். புண் ஆறினாலும் தழும்பு நிற்கும். தழும்பு பார்வையை மறைத்தால் அந்தக் கண் போனது போனதுதான். அதனால் குழந்தை கண் அசரும் ஒவ்வொரு தடவையும் களிம்பு வைத்து, இமையை மெல்ல இழுத்து மூடி, மெல்லிய பிளாஸ்டர் ஒட்ட வேண்டும். விழித்திருக்கும்போது சொட்டு மருந்து. டாக்டருக்கு அது ஒரு மணி நேர வேலை. மிச்சம் முழுக்க அம்மாவின் வேலை. அந்த அம்மாவுக்குச் சொல்லிக்கொடுப்பது நம் வேலை.

அந்த வேலையில் நான் பெரிய கெட்டிக்காரி என்று பெயர் வாங்கியிருந்தேன். சும்மா வந்த பெயர் இல்லை. ஸ்ரீரங்கத்தில், கோயில் தெருவில் குடியிருந்த ஓர் அம்மாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மூன்று தடவை வந்து மூன்று தடவையும் கையெழுத்துப் போடாமல் திரும்பிப் போனாள். "பெருமாள் கொடுத்த கண்ணு, அதுல கத்தி வைக்க மனசு வரல்லையே" என்று அழுவாள். நாலாவது தடவை நான் ஒன்றும் விளக்கவில்லை. "உங்க புள்ள இன்னிக்கு வரைக்கும் பெருமாளோட திருவடியைப் பாத்திருப்பானா? தலையைத் தூக்கித் தூக்கி மேல விதானத்தைத்தானே பாத்துட்டு வரான்?" என்று மட்டும் கேட்டேன். கையெழுத்துப் போட்டாள். டாக்டர்கள் என்னை மெச்சினார்கள். எனக்கும் தலை கொஞ்சம் கனத்துப்போனது.

அந்த வாரமே ஸ்ரீரங்கத்துக் கடைவீதியில் இந்தப் பொம்மையை வாங்கினேன். படுக்கவைத்தால் கண் மூடும், நிமிர்த்தினால் திறக்கும். களிம்பு வைப்பதை இதில் செய்து காட்டுவேன். கூடவே ஓர் அட்டையும் தயாரித்தேன். எழுத்துத் தெரியாத தாய்மாருக்கும் புரிய வேண்டும் என்று படமாகப் போட்டேன். சூரியன் படத்துக்கு நேரே சொட்டு மருந்துப் புட்டி, நிலா படத்துக்கு நேரே களிம்புக் குழாய். பார்த்தவர்கள் எல்லாம் "ஆகா" என்றார்கள். வெளியூர் மருத்துவமனை ஒன்றிலிருந்து வந்து பார்த்து, அதையே அச்சடித்துக்கொள்ளப்போகிறார்கள் என்றும் பேச்சு வந்தது. அட்டை வழுவழுப்பாக, வண்ணமாக, அழகாகத்தான் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் கோமதி வந்தாள்.

திருவெள்ளறைக்கும் அப்பால் ஒரு ஊர். அவள் வயல் வேலைக்குப் போகிறவள். கணவர் வாழைத்தார் ஏற்றும் சின்ன லாரி ஓட்டுகிறார். மூன்று வயதுப் பெண் குழந்தை, யாழினி. இரண்டு இமையும் தொங்கல், இடது ரொம்பவே அதிகம். ஊர்ப் பிள்ளைகள் அதற்குத் "தூங்குமூஞ்சி" என்று பெயர் வைத்திருந்தார்கள். கோமதி அதைச் சொல்லும்போது சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், ஆனால் கை குழந்தையின் காதைப் பொத்தியிருந்தது. முதலில் இடது கண்ணைச் செய்வோம், அது நன்றாக ஆறியதும் வலதைப் பார்ப்போம் என்றார் டாக்டர். அறுவை சிகிச்சை நல்லபடியாகவே முடிந்தது. கட்டைப் பிரித்த அன்று அந்தக் கணவர் குழந்தைக்கு எதிரே தரையில் மண்டிபோட்டு உட்கார்ந்து, "பாப்பா முழிச்சிருச்சு, பாப்பா முழிச்சிருச்சு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்கே கண் கலங்கிவிட்டது.

வீட்டுக்கு அனுப்பும் நாள் கோமதியை அறைக்குக் கூப்பிட்டேன். பொம்மையைப் படுக்கவைத்துச் செய்து காட்டினேன்.

"தூங்குறப்ப கண்ணு கொஞ்சம் திறந்தே இருக்குமா சிஸ்டர்?"

"இருக்கும்மா, அதுக்குப் பயப்படாதீங்க. அதுக்குத்தான் இந்தக் களிம்பு. சூரியன் இருக்கறப்ப சொட்டு மருந்து, நிலா வந்தா களிம்பு. எங்க, திருப்பிச் சொல்லுங்க பாப்போம்."

"சூரியன் இருந்தா சொட்டு மருந்து, நிலா வந்தா களிம்பு." சொல்லிவிட்டு ஒரு நொடி யோசித்தாள். "பாப்பா பால்வாடிக்குப் போவுதுங்க சிஸ்டர். அங்க வந்து..."

"தாராளமா அனுப்புங்க, தூசில மட்டும் விளையாட விடாதீங்க. வெளிய நாலு பேரு காத்திருக்காங்கம்மா. மத்தது எல்லாம் அட்டைல இருக்கு."

அவள் வாயை மூடிக்கொண்டாள். அட்டையை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கோயில் பிரசாதத்தை வாங்குவது போல வாங்கினாளே என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அவள் பாதியில் விட்ட பேச்சு என்னவாக இருக்கும் என்று நான் யோசிக்கவே இல்லை.

ஒரு வாரம் கழித்து வந்து காட்டிவிட்டுப் போனாள். கண் சுத்தமாக இருந்தது. அதற்குப் பிறகு பதினைந்து நாள் கழித்து, வரச் சொன்ன தேதிக்கு முன்னாலேயே, காலை முதல் பஸ்ஸில் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். இடது கண் மிளகாய்ப் பழமாகச் சிவந்திருந்தது. வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் குழந்தை அம்மாவின் கழுத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தேன். கருவிழியின் கீழ்ப்பாதியில், நடுவிலுள்ள கண்பாவையை ஒட்டி, சோற்றுப் பருக்கை அளவில் வெள்ளையாக ஒன்று இருந்தது. அது என்னவென்று எனக்குச் சொல்ல டாக்டர் தேவையில்லை.

"களிம்பு போட்டீங்களா இல்லையா?" என்றேன். குரலில் கோபம் இருந்தது. தப்பு அவளுடையதாகத்தான் இருக்க முடியும் என்று அந்த நிமிஷம் மனதார நம்பினேன்.

"ஒரு நாள் விடல சிஸ்டர்." பையிலிருந்து அட்டையை எடுத்தாள். பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். ஒவ்வொரு ராத்திரியும் களிம்பு வைத்து முடித்ததும் ஒரு குங்குமப் பொட்டு வைத்திருந்தாள். வரிசையாக, நேர்க்கோட்டில், இருபத்திரண்டு பொட்டு. ஒன்றுகூடக் குறையவில்லை.

அப்போதுதான் அவள் பாதியில் விட்ட பால்வாடிப் பேச்சு ஞாபகம் வந்தது. "பாப்பா பகல்ல தூங்குவாளா?" என்று கேட்டேன்.

"பால்வாடில சோறு போட்டதும் படுக்க வச்சிருவாங்க சிஸ்டர். மூணு மணி வரைக்கும் நல்லாத் தூங்குவா, அங்க ஃபேன் இருக்கு. பன்னெண்டரைக்கு நான் வயல்லேர்ந்து ஓடியாந்து சொட்டு மருந்து போட்டுட்டுத்தான் போவேன். சூரியன் இருக்குல்ல."

தினமும் இரண்டு மணி நேரம். தலைக்கு நேர் மேலே ஓடும் மின்விசிறி. திறந்து கிடந்த கண். அவள் கொண்டுவந்த பையிலேயே களிம்பு இருந்திருக்கிறது, ஆனால் வானத்தில் நிலா இல்லை. நான் சொன்னதை எழுத்துப் பிசகாமல் செய்த ஒரு தாயின் குழந்தைக்கு, அப்படிச் செய்ததாலேயே கண்ணில் புண்.

சொல்லியிருக்க வேண்டிய நேரம் அதுதான். டாக்டர் அறைக்குள் வந்துகொண்டிருந்தார். அவர் நல்லவர், ஆனால் கோபக்காரர். கண்ணைப் பார்த்தார், முகம் இறுகிப்போனது. "எத்தனை தடவை சொல்லி அனுப்பறோம்! மருந்து போட்டியா இல்லையாம்மா?" என்றார். கோமதி அட்டையை அவரிடம் நீட்டினாள். அவள் நீட்டிய கைக்கும் அவருக்கும் நடுவில் நான் நின்றுகொண்டிருந்தேன். நான் அந்த அட்டையை வாங்கி என் கோட்டுப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டேன்.

யாரும் என்னை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. யோசித்தும் செய்யவில்லை. கை தானாகப் போயிற்று என்று பல வருஷம் எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். கை தானாகப் போகாது. வெளியூரிலிருந்து அட்டையைப் பார்க்க வருகிறவர்கள் என் ஞாபகத்துக்கு வந்தார்கள். அதுதான் உண்மை.

டாக்டர் கேஸ் ஷீட்டில் எழுதினார். தாய் மருந்தைச் சரியாகப் போடவில்லை என்று ஆங்கிலத்தில் நாலே வார்த்தை. குழந்தையை உடனே வார்டில் சேர்க்கச் சொன்னார். மதியத்துக்குள் கணவர் லாரியை எங்கேயோ நிறுத்திவிட்டு ஓடி வந்தார். டாக்டர் அவரிடமும் அதையேதான் சொன்னார், "வீட்டுல ஒழுங்கா மருந்து போடலைங்க." வராந்தாவில், மருந்துச் சீட்டுக்கு நிற்கும் வரிசைக்கு முன்னால், கணவர் கோமதியை அறைந்தார். குழந்தை அவள் இடுப்பில் இருந்தது. குழந்தை விழாமல் பிடித்துக்கொண்டு அவள் சுவரோடு ஒட்டி நின்றாள். நான் பத்தடி தள்ளி டிரேயுடன் நின்றிருந்தேன். அவள் என்னைப் பார்த்தாள். நான் டிரேயைப் பார்த்தேன்.

சாயங்காலம் பஸ்ஸில் காவிரிப் பாலத்தைத் தாண்டும்போது எதையோ எடுக்கப் பைக்குள் கைவிட்டேன், விரலில் குங்குமம் ஒட்டிக்கொண்டது. கோட்டைக் கழற்றியபோது அட்டை பைக்கு மாறியிருக்கிறது. நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாளும் அதையே நினைத்தேன். புண்ணுக்கு மருந்து நடக்கிறது, இப்போது போய் யார் தப்பு என்று பேசி என்ன ஆகப்போகிறது என்று எனக்கு நானே நியாயம் பேசினேன். இந்த நியாயத்தை உங்களில் யாராவது ஒருநாள் பேசிக்கொள்வீர்கள். பேசும்போது என்னை நினைத்துக்கொள்ளுங்கள்.

நான் வாயைத் திறக்காததால் என்ன ஆயிற்று என்று கேளுங்கள். அம்மா கவனிக்காமல்தான் கண் போகிறது என்று டாக்டரே சொல்லிவிட்டார் அல்லவா? இனிமேல் குழந்தை அவள் கையில் இருக்கக் கூடாது என்று வீட்டில் முடிவாகிவிட்டது. பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து கணவரின் அக்கா வந்து இறங்கினார். கெட்டிக்காரப் பெண்மணி, படித்தவர், சுத்தமானவர். குழந்தையின் மேல் உண்மையான பாசம். வார்டிலும் அவர்தான் இருப்பார், கண் ஆறியதும் குழந்தை பொன்மலையில் அவர் வீட்டில்தான் வளரும் என்றார்கள். கோமதியை வெளியே போகச் சொல்லிவிட்டார்கள். அவள் ஊருக்குப் போகவில்லை. சைக்கிள் ஸ்டாண்டு பக்கத்துச் சிமெண்டுத் திட்டில் உட்கார்ந்திருந்தாள். அந்த அக்காவைப் பார்த்ததும் எனக்கு ஒருவித நிம்மதி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். இவர் பொறுப்பானவர், இனிமேல் பயமில்லை என்று நினைத்தேன். படித்த முகத்தைப் பார்த்தால் நமக்கு வருகிற நிம்மதி இருக்கிறதே, அதைக் கொஞ்சம் சந்தேகப்படுங்கள்.

மூன்றாம் நாள் மதியம் இரண்டு மணி இருக்கும். புண் கொஞ்சம் அடங்கத் தொடங்கியிருந்தது. மருந்து வேளைக்கு வார்டுக்குள் போனேன். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. இடது கண்மேல் ஒரு பஞ்சுப் பட்டை, அதன்மேல் இறுக்கமாகப் பிளாஸ்டர். மெல்லப் பிரித்தேன். இமை மூடியிருக்கவில்லை. திறந்த கண்ணின்மேலேயே பஞ்சை வைத்து அழுத்தியிருந்தார். புண்ணின்மேல் பஞ்சு நார் ஒட்டிக்கொண்டிருந்தது.

"திறந்திருந்தா காத்து படுமேன்னுதான் மூடினேன் சிஸ்டர், தப்பா?" என்றார் அந்த அக்கா. பாவம், முகம் வெளுத்துப்போனது. அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? யாரும் இல்லை. இந்தக் கண்ணை எப்படி மூட வேண்டும் என்று அந்தக் குடும்பத்தில் ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும். அவளை நான் சைக்கிள் ஸ்டாண்டில் உட்காரவைத்திருந்தேன்.

உப்பு நீரால் நாரை எடுத்துவிட்டு நேரே வெளியே ஓடினேன். "கோமதி, உள்ள வாங்க" என்றேன். ஏன், எதற்கு என்று அவள் கேட்கவில்லை. வார்டுக்குள் வந்து முதலில் குழாயடிக்குப் போனாள். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினாள். குழந்தையின் கீழ் இமையை ஒரு விரலால் இறக்கி, அரிசி அளவு களிம்பை வைத்தாள். மேல் இமையை மெல்ல இழுத்து மூடி, ஓரத்தில் பிளாஸ்டரை ஒட்டினாள். குழந்தை அசையக்கூட இல்லை. என்னைவிட நன்றாகச் செய்தாள். அவள் செய்வதைப் பார்த்துக்கொண்டே நின்ற எனக்கு, அதற்குமேல் மறைக்கத் தெம்பில்லை.

டாக்டரிடம் போனேன். அட்டையை அவர் மேசையில் வைத்து முழுவதையும் சொன்னேன். பாக்கெட்டில் வைத்துக்கொண்டதையும் சொன்னேன். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அட்டையைத் திருப்பி அந்தப் பொட்டுகளை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு கேஸ் ஷீட்டை என் பக்கம் தள்ளினார்.

"நான் எழுதினத அடிக்க முடியாது. கீழ நீங்க எழுதுங்க."

மதியம் தூங்கும்போது களிம்பு வைப்பது பற்றிச் சொல்லித்தரப்படவில்லை என்று எழுதினேன். அவர் படித்துப் பார்த்தார்.

"யாரு சொல்லித்தரலைன்னு இதுல இல்லையே சிஸ்டர்?"

பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நானும் விசாரிக்காமல் எழுதிவிட்டேன் என்று அவரும் கீழே ஒரு வரி எழுதினார். அன்றுமுதல் அவர்மேல் எனக்கு மரியாதை கூடியது. ஆனால் கேஸ் ஷீட்டில் எழுதுவது சுலபம். கணவரைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. கோமதியும் அந்த அக்காவும் பக்கத்தில் நின்றார்கள்.

"உங்க வீட்டுக்காரம்மா நான் சொன்னத ஒரு நாள்கூடத் தவறாமச் செஞ்சிருக்காங்க. நான் சொன்னதுதான் தப்பு. பகல்ல தூங்கும்போதும் களிம்பு வைக்கணும்னு நான் சொல்லல. பாப்பா கண்ணுல புண்ணு வந்தது என்னாலதான்."

அவர் என்னைத் திட்டுவார், ஏன், அடிப்பார் என்றுகூட நினைத்தேன். அவர் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அப்ப நான் இவள அடிச்சேனே சிஸ்டர்?" என்றார்.

கோமதியைப் பார்த்து, "என்னை மன்னிச்சிருங்கம்மா" என்றேன்.

"எனக்குத் தெரியும் சிஸ்டர்" என்றாள் அவள். "அட்டைய வாங்கிப் பாக்கெட்ல வச்சீங்கள்ல, அப்பவே தெரியும். நான் சொன்னா யாரு நம்புவா? அன்னிக்கே நான் பால்வாடியப் பத்திச் சொல்ல வந்தேன். பாப்பா எப்பல்லாம் தூங்குவா, எங்க தூங்குவான்னு எங்கிட்ட யாரும் கேக்கலையே." குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

குழந்தை அம்மாவோடு ஊருக்குப் போனது. புண் ஆறியது. தழும்பு நின்றுவிட்டது. அந்தக் கண்ணால் யாழினிக்குக் கண் பரிசோதனைப் பலகையின் மேல்வரிசைப் பெரிய எழுத்து மட்டும்தான் தெரியும். இமை அழகாகத் திறந்திருக்கும், அதற்குப் பின்னால் வெள்ளையாக ஒரு புள்ளி இருக்கும். பஞ்சு உரசாமல் இருந்திருந்தால் தழும்பு சின்னதாக நின்றிருக்குமா என்று டாக்டரிடம் ஒருநாள் கேட்டேன். "கேக்காதீங்க" என்றார். நான் வாயைத் திறக்காத அந்த மூன்று நாளைப் பற்றி என்னை நானே இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

கோமதியுடையதைத் தவிர மற்ற அட்டைகளை எல்லாம் திரும்ப வாங்கிக் கிழித்துப் போட்டேன். பொம்மையின் இடது இமையைப் பசை போட்டு மேலே ஒட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு சமர்த்தாகப் படுக்கும் பொம்மையை வைத்து, மூடாத கண்ணைப் பற்றி இத்தனை நாள் பாடம் எடுத்திருக்கிறேன் பாருங்கள், அந்தக் கூத்தை என்னவென்று சொல்வது! அதற்குப் பிறகு எந்த அம்மா வந்தாலும் நான் முதலில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். உங்க புள்ள எப்ப தூங்குவான், எங்க தூங்குவான், பக்கத்துல யாரு இருப்பாங்க என்று மூன்று கேள்வி. வருகிற பதில்களை நீங்கள் கேட்க வேண்டும். ஒருத்தி, "பூசைல ஃபாதர் பிரசங்கம் ஆரம்பிச்சதும் தூங்கிருவான் சிஸ்டர்" என்றாள். பெரிய கடைவீதிப் பக்கத்திலிருந்து வந்த இன்னொருத்தி, "அவங்க அத்தா துபாய்லேர்ந்து வீடியோ கால் பண்ணுவாங்க, பேசிட்டே போன் மேலயே தூங்கிரும்" என்றாள். இதையெல்லாம் எந்தப் படத்தில் போடுவது? அவர்களுக்குத் தெரிந்ததை அவர்கள் சொன்ன பிறகுதான் நமக்குத் தெரிந்ததைச் சொல்ல ஆரம்பிக்கவே முடியும்.

ஒரு வருஷத்துக்கு மேல் கழித்துக் கோமதி திரும்ப வந்தாள். வலது கண்ணுக்கு. இமை இன்னும் இறங்கிவிட்டது, இனித் தள்ளிப்போட முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நினைத்துப் பாருங்கள். குழந்தைக்கு நன்றாகப் பார்க்கும் கண் என்று மிச்சம் இருந்ததே அது ஒன்றுதான். அதையும் அதே மருத்துவமனையில், அதே அறையில் கொண்டுவந்து கொடுக்க எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்? அந்த வலது கண் புண் இல்லாமல் ஆறிவிட்டது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மிச்சத்தைக் காதில் வாங்கமாட்டீர்கள்.

வீட்டுக்கு அனுப்பும் நாள் பொம்மையோடு காத்திருந்தேன். கோமதி வாசலிலேயே நின்றாள்.

"தப்பா நெனைக்காதீங்க சிஸ்டர். வேற யாராவது சொல்லிக் குடுக்கட்டுமே."

"சரிம்மா" என்று எழுந்துவிட்டேன். சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் அவள் கேட்டது நியாயம். அப்போது வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதமே ஆன ஒரு பெண்ணை உள்ளே அனுப்பிவிட்டு நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். திரைக்கு அந்தப் பக்கம் கோமதியின் குரல்தான் கேட்டது. "இப்ப எல்.கே.ஜி. போறா. ஸ்கூல் வேன்ல திரும்பறப்ப தூங்கிருவா, வேன்ல ஆயா இருக்காங்க, அவங்களுக்குச் சொல்லிக் குடுத்துட்டேன். அவங்கப்பா லாரில முன்னாடி உக்காந்தா தூங்குவா. பொன்மலைல அவ அத்தை வீட்டுக்குப் போனா மதியம் தூங்குவா, அண்ணிக்கும் செஞ்சு காட்டியிருக்கேன்." விரல் விட்டு எண்ணிக்கொண்டிருப்பாள் என்று தோன்றியது.

அரை மணி நேரம் கழித்து அந்தப் பெண் வெளியே வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. "சிஸ்டர், அந்தம்மாவுக்கு எல்லாமே தெரியுது! முன்னாடி யாரோ ரொம்ப நல்லாச் சொல்லிக் குடுத்திருக்காங்க" என்றாள். கோமதி அவளுக்குப் பின்னால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நின்றிருந்தாள். அன்றைக்கு வராந்தாவில் பார்த்தது போலவே என்னைப் பார்த்தாள்.

"இல்லம்மா" என்றேன். "முன்னாடி சொல்லிக் குடுத்தது நான்தான். தப்பாச் சொல்லிக் குடுத்தேன். அந்த இடது கண்ணு என்னாலதான் போச்சு."

அந்தப் பெண்ணின் சிரிப்பு நின்றுவிட்டது. கோமதி குழந்தையை இன்னொரு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு என் பக்கம் வந்தாள்.

"என் அட்டை உங்ககிட்டதானே இருக்கு சிஸ்டர்?"

"இருக்கும்மா."

"குடுத்துருங்க."

மேசை இழுப்பறையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். நிலா இருந்த பக்கத்தை அவள் பார்க்கவே இல்லை. பின்பக்கத்தைத் திருப்பி, குங்குமப் பொட்டுகளின் மேல் ஒரு தடவை விரலை ஓட்டினாள். பிறகு அதை மடிக்காமல் பைக்குள் வைத்துக்கொண்டு, "போயிட்டு வரேன்" என்று கிளம்பிவிட்டாள்.

அதனால் உங்களுக்குக் காட்ட அந்த அட்டை என்னிடம் இல்லை. பொம்மை மட்டும்தான் இருக்கிறது.